எண்ணெய் வரும் வழி, கணக்கு போகும் வழி

ஒட்டன்சத்திரம் பங்க்குகளில் ஒரு சாயங்காலம் டீசல் இல்லாமல் போனால், மறுநாள் பாலக்காட்டிலும் திருச்சூரிலும் சாம்பாருக்கு முருங்கைக்காய் தட்டுப்பாடாகும். இங்குள்ள காந்தி மார்க்கெட்டுக்கு வந்து சேரும் தக்காளி, கத்தரி, வெண்டை, சின்ன வெங்காயம், முருங்கை எல்லாவற்றிலும் பெரும்பங்கு கேரளாவுக்குத்தான் ஏறுகிறது. விவசாயி விதை, உரம், கூலி என்று கணக்குப் போடுவார். வியாபாரியின் கணக்கோ லாரி வாடகையில் தொடங்குகிறது. வாடகையைத் தீர்மானிப்பது டீசல்.

அந்த டீசல் எந்த வழியாக இந்த ஊருக்கு வருகிறது, அதன் கணக்கு எந்த வழியாக எங்கே போகிறது என்று பார்க்கக் கிளம்பினேன். எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் கணினி வேலைகளைக் கிளவுட்டுக்கு மாற்றுவதாகச் சில ஆண்டுகளாகச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. 2022 ஜனவரியில் பாரத் பெட்ரோலியமும் மைக்ரோசாஃப்டும் 7 ஆண்டுகளுக்குக் கைகோத்ததாக அறிவித்தன. அந்தச் செய்திகளில் வருவதெல்லாம் மும்பை, டெல்லி, ஹைதராபாத் பெயர்கள். பங்க்கில் நாசிலைப் பிடித்து நிற்பவருக்கும், அவரிடம் 200 லிட்டர் போடச் சொல்லும் லாரி டிரைவருக்கும் இதனால் என்ன மாறியது என்பது நான் படித்த எதிலும் இல்லை. நேரில் போய்க் கேட்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

முதலில் கப்பலூர். மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் நான்குவழிச் சாலையை ஒட்டி இந்தியன் ஆயிலின் முனையம் இருக்கிறது. மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து புறப்படும் சென்னை–திருச்சி–மதுரை குழாய் 2005 முதல் இங்கே எண்ணெயைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சங்ககிரிக்குப் பிரியும் கிளையையும் சேர்த்து அதன் நீளம் 683 கிலோமீட்டர். வயலுக்கும் தோப்புக்கும் அடியில் ஓடும் இந்த ஒற்றைக் குழாயில் பெட்ரோல் வரும், அதன் முதுகை ஒட்டியே டீசல் வரும். இரண்டுக்கும் நடுவில் தடுப்பு ஏதும் கிடையாது. சேரும் இடத்தில் கொஞ்சம் கலக்கத்தான் செய்யும். வந்துகொண்டிருக்கும் எண்ணெயின் அடர்த்தி எந்த நொடியில் மாறுகிறது என்று கருவி சொல்ல, கலந்த பகுதியை மட்டும் தனியே ஒதுக்கிவிட்டு அடுத்ததை அடுத்த தொட்டிக்குத் திருப்புகிறார்கள். அழுத்தம், வேகம், அடர்த்தி, வால்வின் நிலை என்று வழிநெடுகக் கருவிகள் அளந்து சொல்லிக்கொண்டே இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். கிளவுட்டின் பேச்சே எழாத காலத்திலிருந்து எண்ணெய்த் தொழில் தொலைவிலிருந்து வரும் எண்களை நம்பித்தான் வால்வைத் திறந்து மூடுகிறது.

வாசலுக்கு எதிரே டேங்கர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன். திண்டுக்கல், பழனி பக்கம் பல வருஷமாக லோடு அடிப்பவர்.

“வண்டியில ஜிபிஎஸ் இருக்குண்ணே. எந்த ரூட்டுல போகணும்னு மேலயே போட்டு வச்சிருப்பாங்க. அதை விட்டு இறங்கினாலோ, சொல்லாத இடத்துல நிறுத்தினாலோ உடனே கேள்வி வரும்.”

“தொந்தரவா இல்லையா?”

“ஒண்ணுக்குப் போக நிறுத்தினாக்கூட பதில் சொல்ல வேண்டியிருக்கு, அது கஷ்டந்தான். ஆனா முன்னெல்லாம் பங்க்குல 20 லிட்டர் குறைஞ்சா டிரைவர் திருடிட்டான்னு ஒரே பேச்சு. இப்ப வண்டி எங்கயும் நிக்கலைன்னு ரெக்கார்டே சொல்லுது. அந்த மட்டுக்கும் நிம்மதி.”

கண்காணிப்பு என்றால் எனக்கு எப்போதும் ஒரு கசப்பு உண்டு. பழி சுமந்து பழகிய ஒருவர் அதையே தனக்கான சாட்சியாகப் பார்ப்பதை அந்த டீக்கடையில்தான் முதன்முதலில் கேட்டேன். இந்தப் பயணம் முழுக்க அவர் சொன்னது மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. எண் யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம்தான் அது சாட்சி சொல்லும்.

மதுரைக்குத் திரும்பியதும் ஆரப்பாளையத்தில் பழனி பஸ் கிடைத்தது. வாடிப்பட்டி, கொடைரோடு, திண்டுக்கல் என்று டேங்கர் போகும் பாதையேதான். திண்டுக்கல்லைத் தாண்டி மேற்கே திரும்பியதும் இடதுபக்கம் கொடைக்கானல் மலைத்தொடர் கூடவே வர ஆரம்பிக்கிறது. இந்தச் சாலைக்கு இப்போது தேசிய நெடுஞ்சாலை 83 என்று எண். கோயம்புத்தூரில் தொடங்கி நாகப்பட்டினத்தில் கடலைத் தொடுகிறது. ரெட்டியார்சத்திரத்தில் இஸ்ரேல் நாட்டுக் கூட்டுறவோடு அமைந்த காய்கறி மகத்துவ மையத்தின் பலகை கண்ணில் பட்டது. அதற்கப்புறம் ரோட்டின் இருபக்கமும் முருங்கைத் தோப்பும் தக்காளிக் காடும்தான்.

கிளவுட் என்ற சொல்லைக் கேட்டதும் வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தரையில், பூட்டிய கட்டடங்களில், குளிரூட்டிய அறைகளில் அடுக்கி வைத்த கணினிகள்தான் அது. மைக்ரோசாஃப்ட் 2015இல் இந்தியாவில் தொடங்கிய மூன்று மையங்களில் ஒன்று சென்னையில் இருக்கிறது. ஒட்டன்சத்திரத்து வியாபாரிகளில் எல்லோரும் சொந்த லாரி வைத்துக்கொள்வதில்லை. தக்காளி வரத்து அதிகமான நாளில் நான்கு வண்டி பிடிப்பார்கள், குறைந்த நாளில் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள், ஓடிய வண்டிக்கு மட்டும் வாடகை. கணினியையும் அப்படி வாடகைக்குப் பிடிப்பதுதான் இந்த ஏற்பாடு.

எண்ணெய்த் தொழிலில் கணினிப் பசி முதலில் எடுத்தது பூமிக்கு அடியில் தேடுகிறவர்களுக்கு. தரையில் அதிர்வை உண்டாக்கி, அது பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியை ஆயிரக்கணக்கான கருவிகளால் பதிவு செய்து, அதிலிருந்து அடியில் இருப்பதைப் படமாக வரைவார்கள். காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி தேடியதும் இந்த முறையில்தான். ஒரு பகுதியை அளந்தாலே தரவு மலையாகக் குவிந்துவிடும். அதைக் கரைக்கப் பெரிய கணினி சில மாதங்களுக்குத் தேவைப்படும், பிறகு சும்மா கிடக்கும். வாடகை முறை இவர்களுக்கு அப்படியே பொருந்துகிறது. உலகத்தின் பெரிய எண்ணெய் நிறுவனங்கள் பல 2018இல் ஒன்றுகூடி, நிலத்தடித் தரவுகளை எல்லோருக்கும் பொதுவான ஒரே அமைப்பில் வைக்க ஓஎஸ்டியு என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கின. நம் நாட்டில் 2017இல் தேசியத் தரவுக் களஞ்சியம் திறக்கப்பட்டது. ஓஎன்ஜிசியும் மற்றவர்களும் எடுத்த நில அளவைகளை வேறு நிறுவனங்களும் கேட்டுப் பார்க்க அதில் வழி இருக்கிறது.

ஆனால் 2023–24இல் இந்தியா பயன்படுத்திய பெட்ரோலியப் பொருள்கள் 23 கோடி டன்னுக்கு மேல். அதில் டீசல் மட்டும் ஏறக்குறைய 9 கோடி டன். இதில் பெரும்பகுதியை நாம் இறக்குமதி செய்யும் கச்சா எண்ணெயிலிருந்துதான் எடுக்கிறோம். அப்படிப்பட்ட நாட்டில் தோண்டும் இடத்தைவிட விற்கும் இடத்தில்தான் தரவு பெருகிக்கிடக்கிறது. நாடு முழுக்க ஏறக்குறைய ஒரு லட்சம் பங்க்குகள். ஒவ்வொன்றிலும் பல நாசில்கள், நாள் முழுக்க ஊற்றிக்கொண்டே இருக்கின்றன.

ஒட்டன்சத்திரத்தில் எனக்கு அறிமுகம் கிடைத்திருந்த பங்க்கில் நான் போன நேரத்தில் பெட்ரோல் லோடு வந்து நின்றிருந்தது. எந்த நிறுவனத்தின் பங்க் என்று சொல்லாமல் விடுகிறேன், பேசியவர் அங்கேயேதான் பிழைக்க வேண்டும். மேனேஜர் ஐம்பதை நெருங்குபவர். சட்டைப் பையில் பேனாவும் ஒரு சிறிய டப்பா பேஸ்ட்டும். “கொஞ்சம் நில்லுங்க சார், லோடு பாத்துட்டு வந்துடறேன்” என்றார். கூடவே நானும் போய் நின்றுகொண்டேன்.

லாரியை நிறுத்தியதும் யாரும் குழாயைக் கையில் எடுக்கவில்லை. ஆடிய எண்ணெய் அடங்கட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டார்கள். பிறகு மேலே ஏறி சீலைச் சரிபார்த்து, ஒவ்வொரு அறையிலும் டிப் ராடை இறக்கி, லாரியின் அளவுச் சான்றிதழில் இருக்கும் உயரத்தோடு ஒத்துப் பார்த்தார். அறையிலிருந்து பிடித்த பெட்ரோலைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, அடர்த்திமானியை மிதக்க விட்டு, வெப்பமானியைப் போட்டார். அது ஆடி அடங்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வெயிலில் வந்த பெட்ரோலின் அடர்த்தியை 15 டிகிரிக்கு மாற்றிச் சொல்லும் அட்டவணை கண்ணாடி உறை போட்டு மேஜையில் இருந்தது. கிடைத்த எண்ணை பில்லில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லோடை இறக்கக் கூடாது. ஒன்றுதான் வித்தியாசம் வந்தது. மாதிரியைச் சிறு டின்னில் பிடித்து சீல் வைத்த பிறகுதான் குழாயை மாட்டச் சொன்னார்.

“இத்தனை கருவி வந்த பிறகும் இதெல்லாம் எதுக்குண்ணே?” என்று கேட்டேன்.

“கருவி தொட்டிக்குள்ள இருக்கறதைச் சொல்லும் சார். லாரியில இருக்கறதை நான்தானே பாக்கணும். ஒரு தடவை இறக்கிட்டா இது அவங்க பெட்ரோல் இல்லை, என் பெட்ரோல்.”

தரைக்கடியில் இருக்கும் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு நீளமான உலோகக் கம்பி நிற்கிறது. அதில் இரண்டு மிதவைகள். மேலே இருப்பது எண்ணெயின் மட்டத்தைச் சொல்கிறது, அடியில் இருப்பது தண்ணீர் தேங்கியிருந்தால் சொல்கிறது. கம்பியிலேயே வெப்பத்தை அறியும் உணரிகளும் உண்டு. பம்ப் ஒவ்வொன்றும் ஊற்றிய அளவைத் துடிப்புகளாக எண்ணி அனுப்புகிறது. இரண்டும் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டி மேனேஜர் அறையின் மூலையில், மர ஸ்டூல் மேல், சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. தொட்டியில் குறைந்ததும் நாசிலில் போனதும் ஒத்துப்போகிறதா என்று அது பார்த்துக்கொள்கிறது. அங்கிருந்து இன்டர்நெட் வழியாக எல்லாம் நிறுவனத்துக்குப் போகிறது. எந்த பங்க்கில் எத்தனை லிட்டர் இருப்பு, எப்போது தீரும், எந்த நாசில் எத்தனை மணிக்கு எவ்வளவு ஊற்றியது என்பதெல்லாம் மாநில அலுவலகத்துக்கும் மும்பைக்கும் தெரியும். பாரத் பெட்ரோலியம் தன் பங்க், டெப்போ, கேஸ் ஆலை, டேங்கர் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க ஐரிஸ் என்ற மையத்தையே அமைத்திருக்கிறது.

இதில் சாதாரண ஜனங்களுக்குத் தெரிகிற மாற்றம் காலை 6 மணிக்கு நடக்கிறது. முன்பு மாதத்தில் இரண்டு தடவை, 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும் விலை மாறும். முதல் நாள் ராத்திரி பங்க் வாசலில் கூட்டம் நெரிந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். 2017 மே 1 அன்று புதுச்சேரி உள்ளிட்ட 5 ஊர்களில் தினசரி விலையைச் சோதித்துப் பார்த்தார்கள். ஜூன் 16 முதல் நாடு முழுக்க வந்தது. நள்ளிரவில் மாற்றுவதாகத்தான் முதலில் திட்டம். ராத்திரி 12 மணிக்கு ஒவ்வொரு பங்க்கிலும் ஆள் விழித்திருந்து மீட்டரை மாற்ற முடியாது என்று டீலர்கள் எதிர்த்துப் போராட்டத்துக்குத் தயாரான பிறகுதான் காலை 6 மணி என்று முடிவானது. ஆட்டோமேஷன் வந்த பங்க்கில் விலை மேலிருந்து தானாக இறங்கும். வராத பங்க்கில் எஸ்எம்எஸ் பார்த்து, பம்ப் பம்ப்பாகப் போய்க் கையால் மாற்ற வேண்டும். “இங்க ஆட்டோமேஷன் வர்ற வரைக்கும் ஆறு மாசம் நான் அஞ்சரைக்கு எந்திரிச்சு ஓடி வந்தது எனக்குத்தான் தெரியும்” என்றார் மேனேஜர்.

மழைக்காலத்தில் நடந்த ஒன்றையும் சொன்னார். ராத்திரி முழுக்க அடித்துப் பெய்த மழையில் ஒரு பெட்ரோல் தொட்டியின் மூடிப் பள்ளத்தில் தண்ணீர் நின்று, ரப்பர் வளையம் வழியாக உள்ளே கசிய ஆரம்பித்திருக்கிறது. பங்க்கில் இருந்த பையன்களுக்குத் தெரியவில்லை. தண்ணீர் மட்டம் ஏறுகிறது என்று அவருடைய போனுக்குச் செய்தி வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்து அந்தத் தொட்டியின் விற்பனையை நிறுத்திவிட்டு, டிப் ராடின் நுனியில் பேஸ்ட்டைத் தடவி இறக்கியிருக்கிறார். தண்ணீர் பட்ட இடத்தில் பேஸ்ட் நிறம் மாறும். மாறியிருந்தது.

எத்தனால் கலக்காத காலத்தில் தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும், எடுத்துவிடலாம். இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஓரளவுக்கு மேல் போனதும் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் படியும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அந்தப் படிவைக் காட்டப் பழைய தண்ணீர் மிதவை போதாது, அதற்கென்று தனி மிதவை வேண்டும். விடியும்வரை யாரும் பார்க்காமல் விட்டிருந்தால், முதல் வண்டிகளாக வரும் பால்காரரும் மார்க்கெட் கூலியாட்களும் வழியில் பைக்கைத் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். இந்த ஏற்பாட்டுக்கு ஆதரவாக வேறு ஒன்றுமே சொல்ல இல்லையென்றாலும் அந்த ராத்திரி போதும் எனக்கு.

சாயங்காலம் மார்க்கெட். வாசலிலிருந்தே பெட்டியும் சாக்கும் தார்ப்பாயும். கமிஷன் கடைகளில் தக்காளிப் பெட்டியைக் கொட்டிப் பார்த்து விலை சொல்லும் சத்தம். லோடு ஏற்றி முடித்த வண்டிகள் ஒவ்வொன்றாகப் பழனி ரோட்டில் இறங்கின. பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்குப் போகிறவை அதிகம். புறப்படும் முன் பெரும்பாலான வண்டிகள் இங்கேயே டேங்கை நிரப்பிக்கொள்கின்றன. கேரளாவில் டீசல் விலை கூட. 2023 ஏப்ரலில் அங்கே லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரி வேறு சேர்ந்துகொண்டது. எல்லை தாண்டினால் செலவு என்பது டிரைவர்களுக்கு மனப்பாடம்.

நான் மறுபடி பங்க்குக்கு வந்தபோது வரிசை ரோடு வரைக்கும் நின்றது. சொந்தமாகப் பல வண்டி வைத்திருக்கும் முதலாளிகள் டிரைவரிடம் ரொக்கம் கொடுப்பதில்லை. எண்ணெய் நிறுவனங்களின் ஃப்ளீட் கார்டில் பணம் போட்டுவிடுகிறார்கள். எந்த வண்டி, எந்த ஊரில், எத்தனை லிட்டர் என்று முதலாளி போனில் பார்க்கலாம். அந்த நேரம் பார்த்து நெட் போனது.

பம்ப் நிற்கவில்லை. மூலையில் இருக்கும் பெட்டி தன்னிடமே எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு, லைன் வந்த பிறகு மொத்தமாக அனுப்பிவிடும். நின்றது பணம்தான். கார்டு மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது, ஜிபேயும் போகவில்லை. டீசலைப் போட்டுவிட்டு காசு கொடுக்க முடியாமல் ஒரு டிரைவர் நின்றார். வண்டியில் வெண்டைக்காய். பொழுது விடிவதற்குள் சந்தையில் இறக்கியாக வேண்டிய சரக்கு. முதலாளிக்குப் போன் போட்டார், அவர் எடுக்கவில்லை. மேனேஜர் வண்டி நம்பரையும் லிட்டரையும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “கிளம்புங்க தம்பி, திரும்பி வர்றப்பக் குடுத்துட்டுப் போங்க” என்று அனுப்பிவைத்தார். அந்த டிரைவர் இதற்கு முன்னால் வந்தவர்தானா என்று கேட்டேன். “மார்க்கெட் வண்டி சார். ஓடிப் போயிட்டு எங்க லோடு ஏத்துவான்?” என்றார்.

லைன் அறுந்தாலும் ஊற்றுவதும் அளப்பதும் அந்த இடத்திலேயே நடக்க வேண்டும் என்று யோசித்து அந்தப் பெட்டியை வடிவமைத்தவரை மனதாரப் பாராட்டுகிறேன். பணம் வாங்கும் ஏற்பாட்டை வடிவமைத்தவர்கள் அதே அக்கறையைக் காட்டவில்லை. ஆள் ஆளை நம்புவதால்தான் அந்த ராத்திரி வெண்டைக்காய் போய்ச் சேர்ந்தது.

பெரிய இடங்களிலும் இதுதான் கதை. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் குழாய் நிறுவனத்துக்குள் இணையக் கொள்ளையர்கள் நுழைந்தார்கள். உள்ளே வர அவர்களுக்கு உதவியது கசிந்துபோன ஒரே ஒரு பாஸ்வேர்ட். அவர்கள் பூட்டியது அலுவலகக் கணினிகளை. குழாயின் வால்வுகளை அவர்கள் தொடவில்லை. ஆனாலும் ஆபத்து பரவிவிடக் கூடாது என்று நிறுவனமே 8,800 கிலோமீட்டர் குழாயை நிறுத்தியது. கிழக்குக் கரையோர மாநிலங்களில் பங்க்குகள் வறண்டன. 44 லட்சம் டாலர் அளவுக்குப் பிட்காயினாகக் கொடுத்த பிறகும் குழாய் ஓடத் தொடங்கச் சில நாள் ஆனது. அதற்கு முன்னால், 2012 ஆகஸ்டில் சவூதி அராம்கோவில் சுமார் 30,000 கணினிகள் ஒரே தாக்குதலில் அழிந்தன. நம் நாட்டிலும் 2022 ஏப்ரலில் அசாமின் துலியாஜானில் ஆயில் இந்தியா அலுவலகக் கணினிகளைப் பூட்டிவிட்டு 75 லட்சம் டாலர் கேட்டார்கள்.

இதையெல்லாம் வைத்துக் கிளவுட்டே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. துலியாஜானிலோ சவூதி அராம்கோவிலோ அடிபட்டவை பெரும்பாலும் நிறுவனங்கள் தாமே வைத்துப் பராமரித்த கணினிகள். பூட்டுப் போடுவதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் பொருளை ஒப்படைப்பது பல சமயம் பாதுகாப்பு. ஆனால் கணக்குக்கான கணினி வேறு, வால்வைத் திருப்பும் கணினி வேறு என்ற பழைய கட்டுப்பாட்டை எண்ணெய்த் தொழில் எக்காரணம் கொண்டும் தளர்த்தக் கூடாது. குழாயின் எண்கள் மேலே போகட்டும், கட்டளை அதே வழியாகக் கீழே இறங்கக் கூடாது. இந்தத் தொழில் கிளவுட்டுக்கு மற்றவர்களைவிட மெதுவாக வந்ததை நிறையப் பேர் குறையாகச் சொல்கிறார்கள். தீப்பிடிக்கும் பொருளைக் கையாள்பவர்கள் தயங்கித்தான் வர வேண்டும்.

வரிசை குறைந்த பிறகு மேனேஜர் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அன்றைய இருப்பும் விற்பனையும் அதில் தெரிந்தன. போன வருஷம் இதே மாதத்தில் தொட்டியின் வெப்பம் என்ன, லோடு இறங்கும்போது எத்தனை டிகிரி வித்தியாசம், ஒவ்வொரு லோடிலும் எவ்வளவு சுருங்கியது என்று கேட்டேன். அவருக்குக் காட்டும் திரையில் அது இல்லை. பெட்டி அளந்திருக்கிறது, மேலே அனுப்பியும் இருக்கிறது. கேட்டு மனுப் போட்டாராம். பதில் வரவில்லை.

இது சின்ன விஷயம் இல்லை. பெட்ரோல் ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலாக விரியும். வெயிலில் காய்ந்து வந்த 12,000 லிட்டர் தரைக்கடியில் போய் 5 டிகிரி தணிந்தால் 70 லிட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். யாரும் திருடவில்லை, எங்கும் ஒழுகவில்லை, ஆனால் கணக்கில் குறைகிறது. டேங்கர் டிரைவர் மேல் விழுந்த பழிகளில் எத்தனை இந்தச் சுருக்கத்தால் வந்தவை என்று யோசித்தால் நெஞ்சு கனக்கிறது. இந்தக் குறைவுக்கு எவ்வளவு ஈடு தர வேண்டும் என்று டீலர்களுக்கும் நிறுவனங்களுக்கும் நடுவில் நெடுநாளாக வழக்கு இருக்கிறது. தீர்க்கத் தேவையான எண்கள் இப்போது நொடிக்கு நொடி பதிவாகின்றன. ஆனால் ஒரு தரப்பிடம் மட்டும்தான் இருக்கின்றன. கணக்கு வித்தியாசப்பட்டால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் இவருக்கு வரும். அதற்குப் பதில் எழுத இவர் கையில் இருப்பது டிப் ராடும், தினமும் காலையில் கையால் எழுதும் ரெஜிஸ்டரும்தான்.

வண்டி ஓட்டி வருகிறவருக்கு ஓர் உரிமை ஏற்கெனவே இருக்கிறது. எந்த பங்க்கிலும் 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். இரண்டு பக்கமும் 25 மில்லி வரைதான் வித்தியாசம் அனுமதி. பெட்ரோலில் கலப்படம் இருக்கிறதா என்று ஃபில்டர் பேப்பரில் சொட்டு விட்டுப் பார்க்கவும் கேட்கலாம். அளப்பதை எதிரிலேயே காட்ட வேண்டும் என்பதுதான் அந்த உரிமையின் உயிர். அந்த உரிமையைக் கணினிக்கும் நீட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். தன் தொட்டியின் மட்டம், வெப்பம், தண்ணீர், தன் நாசில்களின் துடிப்பு ஆகிய எல்லாப் பதிவுகளும் டீலருக்கு நிறுவனத்தின் தயவில் கிடைக்காமல், ஒப்பந்தப்படி கிடைக்க வேண்டும். டேங்கரின் பாதைப் பதிவை டிரைவரும் எடுத்துப் பார்க்க முடிய வேண்டும். கிளவுட்டில் இருக்கும் ஒன்றை இன்னும் இரண்டு பேருக்குத் திறந்துவிட லாரியோ குழாயோ தேவையில்லை. ஓர் அனுமதிக் கட்டளை போதும். செலவைக் காரணம் காட்ட முடியாத இடத்தில் மனம் மட்டும்தான் தடையாக நிற்கிறது.

மேனேஜரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, தலையாட்டவும் இல்லை. ரெஜிஸ்டரைப் பிரித்து அன்று இறங்கிய லோடின் பக்கத்தைக் காட்டினார். பில் அடர்த்தி, பார்த்த அடர்த்தி, வெப்பம், டிப், நேரம் எல்லாம் நீல மையில் இருந்தன. “அவங்க குடுக்கற வரைக்கும் இதை விட மாட்டேன் சார். ரெண்டு கணக்கும் ஒரு நாள் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும்” என்றார்.